பத்துப்பாட்டில் உறைவிடம்: பசுமை வாசிப்பின் எல்லைகள்

சூழலியலைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொல்லை எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866ஆம் ஆண்டில் ஆக்கியபோது, ‘வீடு’ எனப் பொருள்படும் ஒய்கோஸ் என்னும் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். பொருளியலைக் குறிக்கும் சொல்லும் அதே அடியில் தோன்றியதாகும். இச்சொல்வரலாற்றைத் தமிழ்த் திணைக் கோட்பாட்டோடு இயைத்துக் கண்டவர் நிர்மல் செல்வமணி. திணையை நிலமும் உயிர்களும் மாந்தரும் தெய்வமும் உறவால் பிணைந்த ஓர் இல்லமாகக் கொண்டு அவர் வகுத்த கோட்பாடு, சூழலியல் திறனாய்வுக்குத் தமிழிலிருந்து கிடைத்த குறிப்பிடத்தக்க பங்களிப்பு எனலாம். இவ்வில்லத்தின் படிநிலைப்பட்ட வடிவத்தையும் அவர் தனியே பிரித்துக் காட்டியுள்ளார் என்பது மறக்கத்தக்கதன்று. ஏனெனில், அவரைப் பின்பற்றி எழுந்த கட்டுரைகள் பலவற்றில் அப்பகுப்பு உதிர்ந்துபோய், ‘சங்கத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்’ என்னும் ஒற்றை முடிவே எஞ்சிநிற்கிறது. திணையையும் திண்ணையையும் ஒருவேர்ச் சொற்களாகக் காட்டும் முயற்சிகளும் இடையிடையே காணப்படுகின்றன. அவ்வொப்புமை செவிக்கு இனிது. ஆயினும் அதன்மேல் சுவர் எழுப்புவதற்குப் போதிய சான்று இல்லை.

இல்லத்தை உருவகமாகக் கொண்ட இவ்வாய்வுகள் உண்மையான இல்லங்களை மிகக் குறைவாகவே நோக்கியுள்ளன என்பது வியப்புக்குரியது. பத்துப்பாட்டில் குடிசையும் மாடமும் பொருளும் அளவும் தோன்ற வருணிக்கப்படுகின்றன. அவ்வருணனைகள் ‘பசுமை வீடு’, ‘நீடித்த வாழ்க்கைமுறை’ முதலிய இன்றைய கருத்தாக்கங்களுக்குச் சான்றாக எடுத்தாளப்படும்போது, கூரை வேய்ந்த பொருள் மட்டும் பேசப்பட்டுக் கூரையின்கீழ் உள்ளவை விடுபட்டுப் போகின்றன. இவ்விடுபாடு எத்தகைய பொருள்மாற்றத்தை விளைவிக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

கருப்பொருளும் மனையும்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றைத் தொல்காப்பியர் கருப்பொருளாகத் தொகுத்து, அவைபோன்ற பிறவும் அடங்கும் என்றார். நம்பியகப்பொருள் அத்தொகையைப் பதினான்காக விரித்து ஊர், நீர், பூ முதலியவற்றைச் சேர்த்தது. ஊர் இடம்பெற்ற அந்த விரிந்த பட்டியலிலும் மனை இடம்பெறவில்லை. அகம் என்னும் சொல்லுக்கே வீடு என்னும் பொருள் இருக்க, அகத்திணை இலக்கணத்தின் கருப்பொருள் வரிசையில் வீடு இல்லாதது தற்செயலான விடுபாடாகத் தோன்றவில்லை. மரமும் புல்லும் நிலத்தில் தாமே தோன்றுவன. தொழில் மாந்தருக்கு உரியது. மனையோ இவை இரண்டும் கூடியவிடத்து உருவாவது. கருப்பொருள்களால் ஆக்கப்பட்டதாகையால் அது தனிக் கருப்பொருளாக எண்ணப்படவில்லை எனக் கொள்ள இடமுண்டு. இவ்விளக்கம் ஏற்கப்படுமாயின், ஒரு நிலத்தின் வீட்டை அறிவதற்கு அந்நிலத்தின் மரத்தையும் புல்லையும் அறிந்தால் மட்டும் போதாது, அவற்றைக் கொண்டு உழைத்தவர் யார், எவருக்காக உழைத்தனர் என்பதையும் அறியவேண்டும் என்றாகிறது. பசுமை வாசிப்புகள் முன்னதைச் செய்கின்றன, பின்னதைச் செய்வதில்லை.

ஐந்து கூரைகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. பாணன் கச்சிக்குச் செல்லும் வழியில் காணும் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுகிறது (88). ஆயரின் குடில் வைக்கோற் கற்றையால் வேயப்பட்டது. கழிகளை நெருக்கிக் கட்டிய கதவு உடையது. முள்வேலி இட்ட முற்றத்தில் ஆடுகள் கிடக்க, எரு படிந்து கிடக்கிறது. முல்லைநிலச் சீறூரின் கூரை வரகு வைக்கோலால் ஆனது. பருவமழை முகில்போல் படிந்து தோன்றுவது. வலைஞர் குரம்பைக்கு வேழக்கோலை நிரையாக நட்டு, இடையிடையே வெண்மையான கொம்புகளைக் கலந்து, தாழைநாரால் கட்டித் தருப்பையால் வேய்கின்றனர் (263-265). தோட்ட உழவரின் தனிமனைகளோ தெங்கின் மடலால் வேயப்பட்டவை. அவற்றின் முற்றத்தில் மஞ்சள் விளைகிறது.

ஒரே பாட்டில் ஐந்து கூரைகளும் ஐந்து வேறு பொருள்களும் காணக்கிடைக்கின்றன. இவற்றுள் மூன்று, உணவு விளைச்சலின் எச்சங்கள் என்பது கவனத்திற்குரியது. வரகின் மணி கலத்திற்குச் செல்ல, தாள் கூரைக்கு வருகிறது. ஆயர் குடிலின் கற்றையும் அவ்வாறே. தெங்கின் மடலைக் குறிக்குமிடத்துப் புலவர் அது வாடிய மடல் என்பதைத் தவறாமல் சுட்டுகிறார். மரத்திலிருந்து பசுமையாக வெட்டப்பட்டது அன்று, காய்ந்து விழுந்தது. இன்றைய கட்டடவியல் பேசும் ‘வேளாண் எச்சப் பயன்பாடு’ என்னும் கருத்து இங்கே ஓர் அடைமொழியில் அடங்கிக் கிடக்கிறது. வலைஞர் குரம்பையைப் பற்றிய அடிகளில் நிற்பது, நிரப்புவது, கட்டுவது, மூடுவது என நான்கு செயல்களும் நான்கு தாவரங்களும் கட்டும் வரிசையிலேயே அமைந்துள்ளன. ஆணியோ சுதையோ அவ்வடிகளில் இல்லை. கட்டுமானத்தை அருகிருந்து கண்ட ஒருவரின் சொல் இது எனத் துணியலாம்.

ஆயினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வலைஞர் குரம்பை குறுகிய இறப்பினை உடையது எனச் சொல்லப்படுவதைக் கொண்டு, அது நீர்நிலை சார்ந்த நிலத்தின் காற்றுக்கும் மழைக்கும் ஏற்ற வடிவமைப்பு என விளக்குவதுண்டு. ஆனால் அதே அடைமொழியை முடமோசியார் ஆய் அண்டிரனின் மலைநாட்டுக் குறவர் குரம்பைக்கும் தருகிறார் (புறம். 129). மலைக்கும் நீர்த்துறைக்கும் பொதுவாக வரும் ஓர் அடைமொழி, குறிப்பிட்ட நிலத்தின் தட்பவெப்பத்திற்கான சான்றாக முடியாது. அது சிறுமையைச் சுட்டும் மரபுத்தொடராகவும் இருக்கலாம். எல்லா நிலத்துக் குடில்களுக்கும் பொதுவான உண்மையாகவும் இருக்கலாம். பாட்டிலிருந்து கட்டடவியலுக்குத் தாவுமுன் சொல்லடைவைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

கூரை வேய்தலில் அடங்கிய உழைப்பைப் பற்றியும் பாட்டு பேசுவதில்லை. தென்னங்கீற்றுக் கூரை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படவேண்டியது. புற்கூரைகள் சற்றுக் கூடுதலாக நிற்கும். மண்ணுக்கே திரும்பும் பொருளால் வீடு கட்டுவதென்பது, அது மண்ணுக்குத் திரும்புந்தோறும் மீண்டும் கட்டுவதுமாகும். அவ்வுழைப்பு எவர் தோளில் விழுந்தது என்னும் வினாவைப் பசுமை வாசிப்பு எழுப்புவதில்லை.

கூரையின்கீழ்

எயினர் குரம்பைக்குள் நுழைந்தால் காட்சி மாறுகிறது. ஈன்ற பெண் ஒருத்தி மான்தோலின்மேல் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். மற்றப் பெண்கள் இரும்புப் பூண் இட்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். விளாமரத்து நிழலில், நிலத்தில் தோண்டிய உரலில் அது குற்றப்படுகிறது. ஆழ்ந்த கிணற்றில் அரிதாக ஊறும் உவர்நீரை முகந்து, விளிம்பு உடைந்த பழம்பானையில் வார்த்து, முறிந்த அடுப்பில் ஏற்றுகின்றனர். ஈந்திலைக் கூரையைப் ‘பசுமைக் கட்டுமானம்’ எனப் பாராட்டும் வாசிப்பு இந்த உடைந்த பானையையும் உவர்நீரையும் எங்கே வைக்கும்? இவையும் அதே வீட்டின் பகுதிகள். குறைந்த பொருளில் வாழ்தல் என்னும் தலைப்பின்கீழ் இவற்றையும் சேர்ப்பதாயின் அத்தலைப்பே பொருளிழக்கும்.

உருத்திரங்கண்ணனார் இக்குடிலை இழித்துரைக்கவில்லை என்பதும் உண்மை. எயினர் பாணனுக்குப் புல்லரிசிச் சோற்றோடு உப்புக்கண்டமும் நிறையத் தருகின்றனர். இதற்குரிய காரணத்தை ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையிலேயே தேடவேண்டும். வழிநடப்பவனுக்கு எங்கெங்கே என்னென்ன உணவு கிடைக்கும் என்று சொல்வது ஆற்றுப்படையின் தொழில். ஆகவே வீடுகள் தொலைவிலிருந்து தோன்றும் வரிசையிலேயே வருகின்றன: முதலில் கூரை, அடுத்து முற்றம், இறுதியில் உண்கலம். விருந்தினன் கண்ணுக்கு எட்டுவதே பாட்டுக்கும் எட்டுகிறது. அவ்வீட்டில் மழைக்காலத்து இரவு எப்படிக் கழியும் என்பது விருந்தினன் அறியாத செய்தி.

தன் வீட்டைப் பற்றிப் பாடுநர் பேச நேரும்போது நிலைமை வேறாகிறது. நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெறுமுன் இருந்த வறுமைநிலை அடுக்களைக்குள்ளிருந்து காட்டப்படுகிறது (130-139). கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, ஈன்ற நாய் வலி பொறாது குரைக்கிறது. கூரைக் கழிகள் நழுவிவிட்டன. பழைய சுவரைக் கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அறியாதோர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு உண்கிறாள்.

இன்றைய அளவுகோல்களைக் கொண்டு இவ்வீட்டை அளந்தால் விந்தையான முடிவு கிடைக்கும். மண்சுவர், மக்கும் கூரை, தானாக முளைத்த கீரை, வெளியிலிருந்து எதுவும் வாங்காத அடுக்களை என எல்லா நிரலிலும் அது முதலிடம் பெறும். எரிபொருளும் மிகக் குறைவு. இவ்வீட்டைப் பசுமை வாசிப்பினர் எவரும் மேற்கோள் காட்டுவதில்லை, காட்டவும் இயலாது. ஆனால் எயினர் குரம்பைக்கும் இதற்கும் கட்டுமானப் பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது, காண்பவர் நிற்கும் இடம். பிறர் குடிசையை வெளியிலிருந்தும் தம் குடிசையை உள்ளிருந்தும் காட்டும் இந்த மரபைக் கருதாமல், வெளியிலிருந்து காணும் காட்சியை மட்டும் வாழ்க்கைமுறையாகக் கொள்வது, விருந்தினன் பார்வையை வீட்டுக்காரன் பார்வையாக மாற்றிப் படிப்பதாகும்.

காலதர்

பத்துப்பாட்டில் வீட்டு வடிவமைப்பைப் பற்றிய அறிவு உண்மையில் எங்கே செறிந்திருக்கிறது என்று தேடினால், குடிசையைக் காட்டிலும் மாடத்தில்தான் அது மிகுதியாகக் கிடைக்கிறது. மதுரைக்காஞ்சி மதுரை மனைகளை, மெல்லிய காற்று ஒலிக்கும் பல சாளரங்களை உடையனவாகக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் இருந்த நெடுமாடத்தின் இடைநிலையில் சாளரத்தின் குறுகிய கண்வழியே தென்றல் நுழைகிறது. சாளரத்தைக் குறிக்க இளங்கோவடிகள் ஆளும் ‘காலதர்’ என்னும் சொல் காற்றின் வழி என்று பொருள்படும். கால் காற்று, அதர் வழி. வெளிச்சத்திற்காகவோ வெளியே பார்ப்பதற்காகவோ அமைந்த திறப்பாக அன்றி, காற்று நடக்கும் பாதையாகச் சுவரின் துளையைக் கண்ட மொழி அது. பலகணி என்னும் சொல் கண்ணை அடியாகக் கொள்ள, இச்சொல் காற்றை அடியாகக் கொள்கிறது. வெப்பநாட்டுக் கட்டடக்கலையின் அடிப்படைப் பாடம் ஒன்று இச்சொல்லாக்கத்தில் பதிந்துள்ளது எனக் கூறுவது மிகையாகாது.

இவ்வகையில் நெடுநல்வாடை தனித்து ஆராயத்தக்கது. நக்கீரர் பாடிய 188 அடிகளும் ஒரு கூதிர்கால மாலையையும் இரவையும் சுற்றி அமைந்தவை. வேனிற்காலத்துப் பள்ளியறையில் தென்காற்றைக் கொணரும் சாளரங்கள் இப்போது திறக்கப்படுவதில்லை. இரட்டைக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. சிவந்த வட்ட விசிறிகள் சுருக்கித் தூக்கப்பட்டு அவற்றின்மேல் சிலந்தி நூல் இழைத்திருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. குவிந்த வாயுடைய கன்னலில் குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய தடவில் செந்நெருப்பு மூட்டி அருகிருக்கின்றனர். புறாக்கள் இரை தேடப் போகாமல் கூரையின் கொடுங்கையில் கால் மாற்றி நிற்கின்றன.

வீட்டின் அறைகளும் கலங்களும் பருவத்திற்கு ஏற்ப மாறி ஆளப்படும் ஒரு வாழ்க்கைமுறை இங்கே முழுமையாகக் கிடைக்கிறது. வேனிலுக்கு ஒரு பள்ளி, கூதிருக்கு ஒரு பள்ளி. ஒரே அறையை எந்திரத்தால் ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் வைத்துக்கொள்ளும் இக்கால வழக்கத்திற்கு இது நேர்மாறானது. அறையை உடலுக்கு ஏற்ப மாற்றுவதற்குப் பதிலாக உடல் அறை மாறுகிறது. சிலப்பதிகார ஊர்காண் காதையிலும் கூதிர்காலத்தில் மாடத்தின் சாளரக் கண்கள் அடைக்கப்படுகின்றன. ஆகவே இது ஒரு புலவரின் தனிக்கற்பனை அன்று; நகர வாழ்வில் வேரூன்றிய வழக்கமாகலாம். நீடித்த வாழ்க்கைமுறைக்குச் சங்க நூல்களில் சான்று தேடுவோர் குரம்பையின் புல்லை விட்டு இச்சாளரங்களின்பால் திரும்பியிருப்பார்களாயின் ஆய்வு நெடுந்தொலைவு சென்றிருக்கும்.

ஆயினும் அரண்மனையையும் முழுமையாகவே படிக்கவேண்டும். அதன் மனையிடம், இருகோல் நட்டு நண்பகல் நிழல் ஒருபுறமும் சாயாத பொழுது பார்த்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை வகுத்தது. ஞாயிற்றின் போக்கை அறிந்து மனை வகுக்கும் அவ்வறிவு போற்றத்தக்கதே. அதே அரண்மனையில் சந்தனம் தென்னாட்டது. அரைக்கும் கல் வடநாட்டிலிருந்து வந்தது. விளக்கேந்திய பாவை யவனர் செய்தது. அதில் நெய் நிறையச் சொரியப்படுகிறது. கட்டில் நாற்பது ஆண்டு கண்ட யானையின் மருப்பால் இழைக்கப்பட்டது. காற்றுக்கு அண்மையை நாடிய வீடு, அணிக்குத் தொலைவை நாடியது. பட்டினப்பாலையில் அட்டில்சாலையிலிருந்து வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடி, எருதுகள் பொருது சேறாகி, தேரோடிப் புழுதியாகி, ஓவியம் தீட்டிய சுவரை மாசுபடுத்துகிறது. காடழித்து நாடாக்கியமை அப்பாட்டில் கரிகாலனின் புகழாகவே பாடப்படுகிறது. இதனைப் பாடியவரும் கடியலூர் உருத்திரங்கண்ணனாரே. ஐந்து கூரைகளைப் பரிவோடு பார்த்த கண்ணே இவ்வளமிகுதியிலும் களித்தது. குறிஞ்சிப் பாடல்களில் வரும் சுடுபுனமும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. மிகுதியை வாழ்த்துவதும் எளிமையை வருணிப்பதும் இவ்விலக்கியத்தில் முரண்படாமல் உடனிருக்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து ‘தமிழர் வாழ்வியல்’ எனப் பெயரிடுவது தொகுப்பாசிரியரின் விருப்பமாகலாம், நூலின் கருத்தாகாது.

ஐந்து மைல்

லாரி பேக்கர் (1917-2007) பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். நல்ல வீடு என்பது அது நிற்குமிடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்படவேண்டும் என்று காந்தியடிகள் 1940களில் தமக்குக் கூறியதாகப் பேக்கர் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். பெரும்பாணாற்றுப்படையின் ஐந்து கூரைகளும் இவ்வளவுகோலுக்கு முற்றிலும் இயைவன. இவ்வியைபே குரம்பையைப் பேக்கரின் முன்னோடியாகக் காட்டும் ஆர்வத்தைத் தூண்டுவது. ஆய் அண்டிரனின் பொதியிலும் பேக்கரின் திருவனந்தபுரமும் அண்டை நிலங்களாதல் இவ்வார்வத்திற்கு மேலும் இடந்தருகிறது.

பேக்கரின் செயல்முறையை நுணுகி நோக்கினால் ஒப்புமை வேறிடத்தில் இருப்பது புலனாகும். திருவனந்தபுரம் உள்ளூரில் 1970களில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில், செங்கல்லைப் படுக்கை வாட்டத்தில் வைக்காமல் விளிம்பில் நிறுத்தி இடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் கையாண்டார். எலிப்பொறிக் கட்டு எனப்படும் இம்முறையால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. சுவருக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் சுமை தாங்கும் வேலை கான்கிரீட்டுக்கு இல்லை என்பதை உணர்ந்து, அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சாளரச் சட்டங்களுக்கு மாற்றாகச் செங்கல்லைத் துளைவிட்டு அடுக்கிக் காற்று புகும் சுவர்களை அமைத்தார். உலகக் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியால் நிகழ்கிறது என்பதை இன்று அறிவோர்க்கு அவரது சிக்கனத்தின் பொருள் தெளிவாகும்.

இவற்றுள் எதுவும் குரம்பையிலிருந்து பெறப்பட்டதன்று. தேவையற்றதை அறிந்து நீக்குவது பேக்கரின் முறை. அதற்குக் கணக்கும் பொறியியலும் வேண்டும். கிணைமகளின் வீட்டில் எதுவும் நீக்கப்படவில்லை. நீக்குவதற்கு எதுவும் இல்லை. காற்று நுழையும் துளைச்சுவரை உறவு தேடி இணைக்க விரும்பினால் அது மதுரைக்காஞ்சியின் பல்சாளர மனைகளோடும் காலதரோடும் சேரவேண்டியது. மாடத்தில் செல்வர் மட்டும் துய்த்த காற்றுவழியை எளியோர் வாங்கக்கூடிய விலைக்குக் கொணர்ந்தது பேக்கரின் சாதனை எனக் கொண்டால், சங்க இலக்கியத்திற்கும் அவருக்கும் இடையிலான தொடர்பு அழகுணர்வின் தளத்திலிருந்து வரலாற்றின் தளத்திற்கு நகர்கிறது.

பூசப்படாத செங்கற்சுவரை முடிவுறாத வீட்டின் அடையாளமாகக் காணும் வழக்கம் கேரளத்திலும் தமிழகத்திலும் பரவலாக உள்ளது. தாமே விரும்பிப் பூசாமல் விட்டோர் பெரும்பாலும் படித்த நடுத்தர வகுப்பினர். பூச இயலாமல் விட்டவர் அச்சுவரைப் பெருமையாகக் காட்டுவதில்லை. கிணைமகள் கதவை அடைத்தது ஏன் என்பதை அறிய இதைவிடச் சிறந்த உரை தேவையில்லை.

கீற்றின் பிற்காலம்

கூரைப்பொருள் வெறும் பொருளாக மட்டும் இருந்துவிடுவதில்லை. அதன்மேல் சமூகமும் ஏறி அமர்கிறது. கேரளத்தில் 19ஆம் நூற்றாண்டிலும் ஓடு வேய்தல் எல்லாச் சாதியார்க்கும் உரிமையாக இருக்கவில்லை. கீற்றும் புல்லும் சிலருக்கு விதிக்கப்பட்டவை, தேர்ந்துகொண்டவை அல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அடைக்கலம் புகுந்த குடிசையோடு எரிக்கப்பட்டனர். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) அந்நிகழ்ச்சியை அடியாகக் கொண்டது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக்கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கீற்றைப் பற்றி இன்று எழுதும் எவரும் இவ்விரு தேதிகளையும் கடந்துதான் பெரும்பாணாற்றுப்படைக்குச் செல்லவேண்டியிருக்கிறது.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதைத் தமிழக அரசுகள் கட்சி வேறுபாடின்றிக் கொள்கையாகக் கொண்டுள்ளமை இப்பின்புலத்தில் விளங்கும். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டமும் 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் குடிசையில்லாத் தமிழகத்தை இலக்காக அறிவித்தன. இடையில் 2011இல் தொடங்கிய திட்டம் ‘பசுமை வீடுகள்’ என்றே பெயர்பெற்றது: 300 சதுர அடிப் பரப்பு, கான்கிரீட் கூரை, சூரிய ஒளியால் எரியும் விளக்குகள். தமிழக ஊர்ப்புறத்தில் ‘பசுமை வீடு’ என்று சொன்னால் மக்கள் மனத்தில் எழும் வடிவம் இதுவே. ஆய்விதழ்களில் அச்சொல் ஈந்திலைக் குரம்பையைக் குறிக்கும்போது, அதே சொல் ஊரில் குரம்பையிலிருந்து விடுதலையைக் குறிக்கிறது. வேனிலில் அக்கான்கிரீட் கூரையின்கீழ் வெப்பம் தாங்கவொண்ணாததாய் இருப்பதும், காலதர் என்னும் கருத்து அவ்வரைபடங்களில் உரிய இடம் பெறாமையும் வேறு செய்திகள், அவை குறைகளே. ஆனால் அக்குறைகளைச் சுட்டுவதற்கு உரிமை, கூரையின்கீழ் இருப்பவர் ஏன் கீற்றை வெறுக்கிறார் என்பதை முதலில் கேட்டறிந்த திறனாய்வுக்கே உண்டு.

உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்ததிலிருந்து அந்நூலின் மரமும் பூவும் பறவையும் தனித்தனியே தொகுக்கப்பட்டு நூல்களாகியுள்ளன. இறை, முகடு, கொடுங்கை, முன்றில், செற்றை, கழிக்கதவு, கட்டளை, காலதர், தடவு, கன்னல் என வரும் வீட்டுச் சொற்களுக்கு அத்தகைய தொகுப்பு தேவைப்படுகிறது. அதனை ஆக்குவோர், ஒவ்வொரு சொல்லும் எவருடைய வீட்டில் வருகிறது, அவ்வீட்டைப் பாடுபவர் உள்ளிருந்து காண்கிறாரா வெளியிலிருந்து காண்கிறாரா என்பதையும் உடன்குறிப்பாராயின், குறியிறை போன்ற ஐயங்கள் பலவற்றிற்கு விடை கிடைக்கும். எயினரின் முறிந்த அடுப்பும் அச்சொல்லடைவில் தன் வரிசையில் வந்து நிற்கும்.